முதல் பேப்பர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் பொறுமை ஒன்றைத் தவிர. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாளா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாளா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் ஹாலில், மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது அவர் காதில் விழக் கூடாது. என் கல்யாணம் பேசும்போது அம்மா, "பொண்ணு டிகிரி முடிச்சிருக்கா" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் முடித்தது கணக்காளர் இன்ஸ்டிட்யூட்டின் பரீட்சைகளை. பள்ளிக்கூடம் முடிந்ததும் வேலைக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பேப்பராக எழுதித் தேறினேன். அது டிகிரியைவிடக் கஷ்டம்தான். ஆனால் டிகிரி இல்லை. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான், பாவம்.

விஷயம் இதுதான். எங்கள் தலைமைக் கணக்காளர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்தது நான் என்று கட்டடக் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவர் விடுப்பில் போகும்போதெல்லாம் அந்த வேலையைப் பார்ப்பது நான்தான். ஆண்டுக் கணக்கை முடிப்பது நான், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதும் நான். போன வாரம் பணியாளர் பிரிவு மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. தும்மினால்கூட அதன் மேல் ஒரு முத்திரை குத்திவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார்.

"மேடம், உங்க ஃபைல்ல டிகிரி சர்டிபிகேட் இல்லையே" என்றார்.

"இன்ஸ்டிட்யூட் சர்டிபிகேட் இருக்கே சார்" என்றேன்.

"அது தொழில் தகுதி. விதியில 'அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம்'னு இருக்கு."

அதனால் அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்காரப் போவது யார் தெரியுமா? டை. கழுத்தில் டை இல்லாமல் நாங்கள் பார்த்தே இராத அந்தப் பையன். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அவனிடம் டிகிரி இருக்கிறது. நல்ல பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வயிறு எரிகிறதடா.

பதவியை அடுத்த வருடம் ஏப்ரலில்தான் நிரந்தரமாக நிரப்புவார்களாம். "அதுக்குள்ள ஒரு டிகிரி வாங்கிட்டு வந்தா ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். "டிகிரியை ஏத்துக்குவோம்" என்றார்.

வழி இருக்கிறது. இன்ஸ்டிட்யூட்டுக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இணைப்புத் திட்டம் உண்டு. எல்லாப் பேப்பரிலும் தேறியவர்கள் ஓர் ஆய்வறிக்கை எழுதிக் கொடுத்தால் பட்டம் தருவார்கள். இந்த வருடத்தோடு திட்டத்தை மூடுகிறார்கள். ஜூனில் ஒரு பரீட்சை, டிசம்பரில் ஒன்று, அவ்வளவுதான்.

எனக்குப் பரீட்சை எதற்கு என்று கேட்பாய். அங்கேதான் சனி உட்கார்ந்திருக்கிறது. நான் சேரும்போது, மாலை வகுப்பில் படித்த வணிக டிப்ளமோவைக் காட்டி முதல் பேப்பருக்கு விலக்கு வாங்கினேன். ஒரு பரீட்சை எழுதுவது மிச்சம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது பல்கலைக்கழகம், முதல் பேப்பரை எழுதித்தான் தேறியிருக்க வேண்டும், விலக்கு செல்லாது என்கிறது.

உன்னிடமும் அதே டிப்ளமோ இருக்கிறது. நீயும் இந்த மாதம்தான் இன்ஸ்டிட்யூட்டில் சேருகிறாய். விலக்குக்கு விண்ணப்பிக்காதே. பரீட்சை எழுது. இந்தத் திட்டத்தை மூடினாலும் நாளைக்கு வேறொன்று வரும். அப்போது என்னைப் போல் வாசலில் நிற்காதே.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். மாத்திரை தலையணைக்கு அடியில் இல்லை, இப்போது பவுடர் டப்பாவுக்கு இடம் மாறியிருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். டயர் கடையில் மதியத்தில் ஈ ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. முதலாளி பார்த்துவிட்டு, "யாருடா, பொண்ணா?" என்றார். "அக்கா" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நான் விலக்குப் படிவத்தை எழுதி, தபால்தலை ஒட்டி, தபால்பெட்டி வரை கொண்டு போய்விட்டேன். உன் கடிதம் ஒரு நாள் பிந்தியிருந்தால் தப்பித்திருப்பேன். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பரீட்சை எழுதப் போகும் பைத்தியம் நம் குடும்பத்தில்தான் இருக்கும். சரி, எழுதுகிறேன். படிவத்தைக் கிழித்துவிட்டேன். தபால்தலை வீண்.

ஒரு சந்தேகம். நீ பரீட்சை எழுத வேண்டும் என்றால் உன் விலக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்தப் பேப்பரில் தேறும் வரைக்கும் நீ யார்?

அன்புத் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி குறையில்லை. அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்து மறைத்து வை.

நீ கேட்டது சரியான கேள்வி. விலக்கைத் திருப்பிக் கொடுத்தால், தேறும் வரை நான் தகுதி பெற்ற கணக்காளர் இல்லை. உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரைத் தற்காலிகமாக எடுத்துவிடுவார்கள். இன்ஸ்டிட்யூட் அலுவலகத்தில் இருந்த பெண், "நல்லா யோசிச்சுட்டீங்களா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டாள். "முதல் பேப்பர்தானேம்மா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். படி இறங்கும்போதுதான் சிரிப்பு போனது. இத்தனை வருடம் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தது போல இருந்தது.

பயம் இல்லை. அந்தப் பேப்பரைத்தான் வருடா வருடம் புதியவர்களுக்கு நடத்துகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாமியாரிடம், பரீட்சையை மேற்பார்வை பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "உன்னைத்தான் கூப்பிடுவாங்க, நீதான் கண்டிப்பு" என்று பெருமைப்பட்டார். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளும் அதே ஜூனில் எழுதுகிறார்கள். அவர்களோடு அதே ஹாலில் உட்கார வேண்டும். அதை நினைத்தால்தான் முகம் சுடுகிறது.

ஆய்வறிக்கைக்கு ஒரு வியாபாரம் வேண்டும். உங்கள் டயர் கடையை எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேள்.

உனக்கு ஒரே ஓர் அறிவுரை. கணக்கு பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக எழுதி வைக்கும் அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாதே. என் பிரிவில் அனாமத்துக் கணக்கு என்ற பேச்சே கிடையாது. காரணம் தெரியும் வரை பேப்பரைத் திருப்பி அனுப்புவேன்.

உன் அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

இருவரும் நலம். அம்மா முழங்காலோடு இப்போது தோளையும் சேர்த்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தது. நான் எழுதிய ஹாலில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது, அதுவும் மேற்பார்வையாளர் தலைக்கு மேல். முதல் நான்கு கேள்விகள் பரவாயில்லை. ஐந்தாவதுதான் பெரியது. ஒரு துணிக்கடையின் கணக்கு பொருந்தவில்லை, வித்தியாசத்தை அனாமத்தில் போட்டு, பிறகு பிழைகளைத் திருத்து என்று கேட்டிருந்தார்கள். உன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அனாமத்தில் போட்டுவிட்டேன். கடைசியில் எப்படியோ பொருந்தியது. எனக்கே நம்பிக்கை இல்லை.

முதலாளி சம்மதித்துவிட்டார். "உங்க அக்கா என் கடையைப் பத்தி எழுதினா பேப்பர்ல வருமா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எப்படி எழுதினாய்?

தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஹாலுக்குள் நுழைந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான்தான் மேற்பார்வை என்று நினைத்துவிட்டார்கள். நான் போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் அழிப்பானை என் பக்கம் நகர்த்தி, "வேணும்னா எடுத்துக்கோங்க மேடம்" என்றாள். பாவம், வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஐந்தாவது கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவனித்தாயா? கடைச் சரக்கின் மதிப்பு முதல் பக்கத்தில் ஒன்று, கீழே குறிப்பில் இன்னொன்று. இப்படிப்பட்ட பேப்பர் என் மேசைக்கு வந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். இரண்டில் எது சரி, சரக்கை எண்ணியது யார், கையெழுத்து எங்கே, விளக்கம் வந்த பிறகே கணக்கை முடிக்க இயலும் என்று வரிசையாக எழுதினேன். நிறைய இடம் பிடித்தது. நேரமும்தான். ஆனால் எழுதி முடித்ததும் மனது நிறைந்தது. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கே ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பார்.

முதலாளிக்கு நன்றி சொல். ஆய்வறிக்கை பாதி முடிந்துவிட்டது.

உன் அக்கா

ஆகஸ்ட் 30

அக்கா,

எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன். பாஸ். அம்மா தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என் பையன் டிகிரி வாங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு பேப்பர்தானம்மா என்றால் காதில் வாங்குவதில்லை. உனக்கு நடந்தது எனக்கும் நடக்கிறது.

மார்க் அப்படியொன்றும் பெரிதில்லை, எட்டிப் பிடித்திருக்கிறேன். ஆனால் ஒரு பேப்பர் ஒழிந்தது. விலக்குப் படிவத்தை அன்றைக்குக் கிழித்ததற்கு இப்போது வருத்தமில்லை. உனக்குத்தான் நன்றி.

உன் மார்க் என்ன? தொண்ணூறுக்குக் கீழே என்றால் சொல்லாதே, நான் நம்ப மாட்டேன்.

தம்பி

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ தேறியதில் ரொம்பச் சந்தோஷம். அத்தானும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

இங்கே மழை. பின்பக்க அறையில் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். கொத்தனார் நாளை நாளை என்கிறார். மாமியாருக்கு இருமல். அம்மாவைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதே.

அடுத்த பேப்பருக்கு இப்போதே படிக்க ஆரம்பி.

அக்கா

செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். உன் கூரை, வாளி, கொத்தனார், மாமியாரின் இருமல் எல்லாம் விவரமாகத் தெரிந்துகொண்டேன். மார்க்கைப் பற்றித்தான் ஒரு வார்த்தை இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் மார்க் அட்டை வாங்கி வரும் நாளில் அம்மாவிடம் வானிலை பற்றியே பேசுவேன். நீதான் குறுக்கே வந்து, "மழையை விடு, அட்டையை எடு" என்பாய். இப்போது நான் அதையே சொல்கிறேன்.

அக்கா, போயிடுச்சா?

உன் ஜூன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சரக்கு மதிப்பு இரண்டாக இருந்தது பிழை இல்லை அக்கா. அதுதான் கேள்வியே. குறிப்பில் இருப்பதை வைத்து முதல் பக்கத்தில் இருப்பதைத் திருத்து என்றுதான் கேட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியாத எனக்கே அது புரிந்தது. நீ கேள்வித்தாளையே தணிக்கை செய்துவிட்டு வந்திருக்கிறாய். உலகத்திலேயே உன் ஒருத்தியால்தான் அது முடியும்.

சிரிப்பு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுது.

தம்பி

அக்டோபர் 20

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அதனால்தான் இத்தனை நாள்.

ஆமாம், போய்விட்டது. முதல் பேப்பரில் ஃபெயில். ஐந்தாவது கேள்விக்கு ஒரு மார்க் கூடப் போடவில்லை. அதில் உட்கார்ந்து நீதி சொல்லிக்கொண்டிருந்ததில் ஆறாவதும் ஏழாவதும் அரைகுறை.

என் வகுப்பில் எழுதிய பிள்ளைகள் எல்லோரும் பாஸ். ஒருவர் மிச்சமில்லை. ரிசல்ட் வந்த காலையில் வரிசையாக என் மேசைக்கு வந்து மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்கள். "எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் மேடம்." அழிப்பான் கொடுத்த பெண் மட்டும் மிட்டாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வயதில், ஆபீஸ் குளியலறையில்.

இதோடு விட்டதா? முத்திரைக்கு இன்ஸ்டிட்யூட்டிலிருந்து தகவல் போயிருக்கிறது. என் பெயர் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்பதால் கணக்குகளில் நான் கையெழுத்துப் போடக் கூடாதாம். நான் தயாரிக்கிறேன், நான் சரிபார்க்கிறேன், டை கையெழுத்துப் போடுகிறான். அவன் ஒவ்வொரு தடவையும், "சாரி மேடம்" என்கிறான். நானும் ஒவ்வொரு தடவையும், "பரவாயில்லப்பா" என்கிறேன். பரவாயில்லை என்று யார் சொன்னது? ஆத்திரம் தலைக்கேறுகிறது. வாழ்நாள் முழுவதும் ஒருவரையும் அனாமத்தில் போட விடாதவள் நான், இப்போது என்னையே தூக்கி அனாமத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் உன் அத்தானுக்கு மட்டும் தெரியும். "விடு, இப்ப இருக்கிற வேலை போதாதா?" என்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அவர் மேல் பாத்திரத்தை விட்டெறியலாம் போல் இருக்கிறது.

டிசம்பரில் எழுதாமல் விட்டால் பழைய விலக்கையே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். கையெழுத்து திரும்பிவிடும். டிகிரி கனவு போகும். எது செய்வது என்று தெரியவில்லை.

அக்கா

அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று அவள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாளோ.

விலக்கைத் திரும்பக் கேட்டாயானால் நான் அந்த ஊருக்கு வந்து உன் வாசலில் உட்காருவேன். என்னை மட்டும் எழுத வைத்துவிட்டு நீ தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

உனக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை எழுதத் தெரியவில்லை. எனக்குக் கணக்கு சுமார்தான், பரீட்சை நன்றாகத் தெரியும். அதனால் இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

ஹாலில் நீ கணக்காளர் இல்லை. அந்தத் துணிக்கடைக்காரன் உன் வாடிக்கையாளன் இல்லை. அவன் உண்மையிலேயே இல்லை அக்கா, அவனைக் கேள்வித்தாள்காரர் டீ குடித்துக்கொண்டே உண்டாக்கியிருப்பார். அவனிடம் விளக்கம் கேட்காதே. அனாமத்தில் போடு என்றால் வாயை மூடிக்கொண்டு போடு. தேய்மானம் பத்து விழுக்காடு என்றால் ஏன் பத்து என்று கேட்காதே. கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வரி கூட வேண்டாம், ஒரு வரி குறையவும் வேண்டாம். அவர்கள் விதி, அவர்கள் ஆட்டம். அதை அப்படியே ஆடிக் காட்டிவிட்டு வா.

இத்துடன் பழைய கேள்வித்தாள்கள் அனுப்பியிருக்கிறேன். எழுதி எனக்கு அனுப்பு, நான் திருத்துகிறேன். கேட்காததை எழுதினால் சிவப்பு மையால் அடிப்பேன். இதற்காகவே நல்ல சிவப்புப் பேனா வாங்கியிருக்கிறேன்.

கண்டிப்பான,
உன் தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

போனில் பாஸ் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன். டிசம்பர் கேள்வித்தாளில் ஒரு மரக்கடை. அதன் முதலாளி தன் வீட்டு வாடகையைக் கடைக் கணக்கில் எழுதியிருந்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. உன் சிவப்புப் பேனாவை நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அனாமத்தில் போட்டேன், திருத்து என்றதைத் திருத்தினேன், அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேரத்துக்கு முன்பே முடித்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கை மறுபடி பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

உறுப்பினர் பட்டியலில் என் பெயர் திரும்பி வந்துவிட்டது, ஆய்வறிக்கையும் தேறிவிட்டது. "முடிவுரை சற்றுக் கடுமையாக உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் முதலாளியிடம் காட்ட வேண்டாம்.

நேற்றுப் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் வந்தது. கெட்டித் தாள், பெரிய எழுத்து. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "இது ரெண்டாவது டிகிரியாம்மா?" என்றார். உன் அத்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. நான், "ஆமாம் அத்தை" என்றேன். சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறார்.

திங்கட்கிழமை முத்திரையின் மேசையில் கொண்டு போய் வைக்கப் போகிறேன். ராத்திரி தூக்கம் வருமா என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறதடா, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அம்மாவை நமஸ்கரித்ததாகச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. "நாற்காலி எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். அதனால்தான் பதில் எழுதவில்லை.

அந்தத் திங்கட்கிழமை முத்திரை பட்டத்தை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். நகலில் முத்திரை குத்தி ஃபைலில் வைத்துவிட்டு, "வாழ்த்துகள் மேடம். அஞ்சு வருஷம் கழிச்சு விண்ணப்பிக்கலாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தலைமைக் கணக்காளருக்குப் பட்டம் வேண்டும். அத்துடன், பட்டம் பெற்ற பிறகு ஐந்து வருட அனுபவம் வேண்டும். பட்டத்துக்கு முந்தையது சேராது.

"சார், இத்தனை வருஷமா நான் இங்க செஞ்சது?"

கொஞ்சம் யோசித்து, "அது சேவை" என்றார்.

"போன வருஷமே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க டிகிரியைப் பத்தித்தான் கேட்டீங்க."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார், தம்பி. உன்னிடம் படித்தவர் போல. டை பட்டம் வாங்கி ஆறு வருடமாகிறதாம், ஏப்ரல் முதல் நாற்காலி அவனுக்கு நிரந்தரம். நான் வீட்டுக்கு வந்து பட்டத்தைச் சுவரில் மாட்டாமல் பீரோவில் போட்டேன். மாமியார் ஏன் என்று கேட்டார். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது. ஜூனில் ஃபெயில் ஆனபோதுகூட இவ்வளவு இல்லை, அது என் தப்பு. இதில் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன்.

அப்படியே பல நாள் ஓடியது. போன வாரம் உன் சிவப்பு மை படிந்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் விதி, அவர்கள் ஆட்டம் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. மறுநாள் முத்திரையிடம் போய், "விதிப்படி எனக்கு எவ்வளவு அனுபவம்னு எழுத்துல கொடுங்க சார்" என்றேன். அவருக்கு எழுதிக் கொடுப்பது என்றால் ரொம்பப் பிரியம். "அனுபவம்: இல்லை" என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தில், அனுபவமில்லாத கணக்குப் பிரிவு ஊழியர்கள் அனைவரும் ஏப்ரலில் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும் என்று இருக்கிறது. அதை எடுத்துக் காட்டவில்லை. அவர் கேட்கவில்லையே.

ஏப்ரல் முதல் தேதி காலை பயிற்சி அறைக்குப் போனேன். புதிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நேராகக் கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன், "மேடம், கிளாஸ்?" என்றான். "நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

வகுப்பு எடுக்க ஆள் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், மேலே என் மேசையில் பேப்பர் குவிகிறது. மூன்றாம் நாள் டையை அனுப்பினார்கள். அவன் பலகைக்கு முன்னால் போய் நின்றான். சாக்பீஸை எடுத்தான், திரும்ப வைத்தான். "இந்தப் பாடத்தை எனக்கு எடுத்தவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன்.

இன்று காலை முத்திரையே இறங்கி வந்தார். கையில் விதிப் புத்தகம், பின்னால் இரண்டு பேர். பெஞ்சில் புதிய தலைமைக் கணக்காளரான டையும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"மேடம், போதும். எழுந்து வந்து பாடம் எடுங்க" என்றார்.

அவர் முத்திரை குத்திக் கொடுத்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு அனுபவம் இல்லை சார்" என்றேன்.

உன் அக்கா